கொக்கு பறந்துபோன கோபுரம்

'ரொம்பப் பழைய கோபுரம்' என்று கூட்டிக்கொண்டு போய், உள்ளே லிஃப்ட்டைக் காட்டினால் உங்களுக்கு எப்படி இருக்கும்? எனக்கும் அப்படித்தான் இருந்தது.

இடம், சீனாவில் வூஹான். (2020-ல் கொரோனாவுக்காக 76 நாள் பூட்டிவைத்தார்களே, அதே ஊர்தான்.) யாங்சி ஆற்றோரம் பாம்பு மலை என்று ஒரு சின்னக் குன்று. அதன்மேல் மஞ்சள் ஓடு வேய்ந்து, மூலைகளையெல்லாம் றெக்கை மாதிரி தூக்கிக்கொண்டு, ஐந்து அடுக்காக 51 மீட்டர் உயரத்துக்கு நிற்கிறது மஞ்சள் கொக்குக் கோபுரம். வயசு கேட்டால் கி.பி. 223 என்கிறார்கள். கிட்டப் போய்த் தட்டிப் பார்த்தால், கான்க்ரீட்! திறந்தது 1985-ல். நம்ம ஆபீஸ் கட்டடம் அதற்கு சீனியராக இருக்கும்.

முதலில் கட்டியவர் சுன் சுவான் என்ற ராஜா. மூன்று நாடுகள் அடித்துக்கொண்ட சமயம். எதிரி வருகிறானா என்று பார்க்க ஒரு காவல் மாடம், அவ்வளவுதான். சண்டை ஓய்ந்ததும் கவிஞர்கள் ஏறிவிட்டார்கள். (நல்ல காற்று வருகிற இடத்தை விடுவார்களா?)

ஊர்க்காரர்கள் சொல்லும் கதை வேறே. ஸின் என்பவர் மதுக்கடை வைத்திருந்தார். ஒரு கிழச் சாமியார் தினம் வந்து ஓசியில் குடித்துவிட்டுப் போவார். ஸின் முகம் சுளிக்கவில்லை. ஒருநாள் சாமியார் ஆரஞ்சுத் தோலால் சுவரில் ஒரு கொக்கு வரைந்தார். கை தட்டினால் அது ஆடியது! கூட்டம் பிய்த்துக்கொண்டது. பத்து வருஷம் கழித்து சாமியார் திரும்பி வந்து, கொக்கின் முதுகில் ஏறிக்கொண்டு போயே போய்விட்டார். அந்த நன்றிக்கு ஸின் கட்டியதுதான் கோபுரமாம். கடன் கொடுக்காத டீக்கடைக்காரர்கள் கவனிக்கவும்.

எட்டாம் நூற்றாண்டில் சூய் ஹாவ் என்ற கவிஞர் இங்கே நின்று, கொக்கு போய்விட்டதையும் மாடம் மட்டும் மிஞ்சியதையும், தன் ஊர் ஞாபகத்தையும் எட்டே வரியில் எழுதிவிட்டுப் போனார். பின்னால் வந்தவர் லி பாய். கவிதையில் சூப்பர் ஸ்டார். சூய் ஹாவின் வரிகளைப் படித்துவிட்டு, இனி நமக்கு இங்கே வேலையில்லை என்று தூரிகையைக் கீழே வைத்துவிட்டாராம். எழுதுகிறவன் எவனும் இதை லேசில் நம்பமாட்டான். எனக்கென்னவோ நம்ப ஆசை.

வேடிக்கை என்னவென்றால், எது மிஞ்சியது என்று அவர் எழுதினாரோ அதுதான் மிஞ்சவில்லை. எரிந்தது, இடிந்தது, கட்டினார்கள், மறுபடி எரிந்தது. 1868-ல் கட்டியதும் 1884 தீயில் போச்சு. அப்புறம் நூறு வருஷம் கோபுரமே கிடையாது. ஆனால் பள்ளிக்கூடப் பையனுக்குக்கூட அந்தக் கவிதை தெரியும். 'அந்தக் கோபுரம் எங்கே?' என்று கேட்டால் கைகாட்ட ஏதாவது வேண்டாமா? 1981-ல் மறுபடி ஆரம்பித்தார்கள். பழைய இடம் கிடைக்கவில்லை. 1957-ல் யாங்சிப் பாலம் அதை எடுத்துக்கொண்டுவிட்டது. அதனால் சுமார் ஒரு கிலோமீட்டர் தள்ளி.

இதைத் தெரிந்துகொண்ட பிறகு லிஃப்ட் மேல் எனக்குக் கோபம் வரவில்லை.

1884 தீயில் தப்பியது உச்சியில் இருந்த செம்புக் கலசம் ஒன்றுதான். வளாகத்தில் தரையில் வைத்திருக்கிறார்கள். ஐந்தாவது மாடியில் நின்றால் பாலம் தெரிகிறது. மேலே கார்கள், கீழ்த்தட்டில் ரயில். சூய் ஹாவ் நின்ற இடம் அங்கேதான் எங்கேயோ.