புத்தகத்திற்குப் பிணை

பன்னிரண்டு வயதுக்கும் பதினெட்டு வயதுக்கும் இடைப்பட்டோர் நமது இலக்கிய உலகிலே வீடற்றவர்கள். சிறுவர் கதைகளை அவர்கள் கடந்துவிட்டார்கள். வளர்ந்தோர்க்குரிய நாவல்களை அவர்கள் தொடலாகாது என்கிறோம். இவ்விரண்டுக்கும் இடையே பாடநூலைத் தவிர நாம் வைத்திருப்பது மிகச் சிறிது. அந்த வயதினருக்கு எந்த நூலைக் கொடுப்பது என்ற கேள்விக்குப் பல ஆண்டுகள் தவறான விடை கூறிவந்தவன் நான். அத்தவறு எனக்கு எவ்வாறு தெரியவந்தது என்பதைச் சக ஆசிரியர்களுக்கு எடுத்துரைப்பது பயனுடையதெனக் கருதுகிறேன்.

வடபகுதிக் கடற்கரைக் கிராமமொன்றின் பாடசாலையிலே நான் தமிழ் கற்பித்துவந்தேன். வாசிகசாலை என்ற பெயரில் அங்கே இரண்டு அலுமாரிகள் இருந்தன. அவற்றின் திறப்பு என் பொறுப்பிலிருந்தது. கார்க்கியின் ‘தாய்’, ஒஸ்த்ரோவ்ஸ்கியின் ‘வீரம் விளைந்தது’ என, மாணவப் பருவத்திலே என்னை உருவாக்கிய நூல்களை வரிசைப்படுத்திப் பட்டியலொன்றைச் சுவரில் ஒட்டினேன். ஒரு தவணை முழுவதிலும் மூவரே நூல் எடுத்தனர். அவர்களும் என் மனம் நோகக்கூடாதென்று எடுத்தவர்கள். நான் சினிமாவைக் குறைகூறினேன், கைத்தொலைபேசியைக் குறைகூறினேன், என்னைக் குறைகூறிக்கொள்ளவில்லை.

2014ஆம் ஆண்டு, க.பொ.த. சாதாரண தர வகுப்பிலே, மாணவியொருத்தி மேசையின் கீழே மாத நாவலொன்றை மறைத்து வாசித்துக்கொண்டிருந்தாள். நான் அதைப் பறித்தேன், வகுப்பறியக் கண்டித்தேன். அவள் தலைகுனிந்தபடியே கேட்டாள்: “நீங்கள் இதை வாசிச்சனீங்களோ, சேர்?”

நான் வாசித்திருக்கவில்லை. வாசிக்காத நூலைக் கண்டித்த நாணம் உறுத்தவே, அன்றிரவே அதனை வாசித்து முடித்தேன். செல்வந்தன் ஒருவன் ஏழைப் பெண்ணைக் கைப்பிடிப்பதோடு எல்லாத் துன்பமும் தீர்ந்துவிடும் பொய்க்கதை அது. ஆயினும் அதில் ஓர் உண்மை இருந்தது. தனக்கு என்ன வேண்டுமென்று ஒருவருமே கேட்டறியாத ஓர் இளம்பெண் அதன் நடுவிலே நின்றாள். என் பட்டியலிலே அத்தகைய பெண் ஒருத்தியேனும் உண்டா என்று எண்ணிப் பார்த்தேன். ‘தாய்’ நாவலின் பெலகேயா நீலவ்னா இருந்தாள். ஆனால் அவள் பதினாறு வயதுப் பெண்ணல்லள். என் நூல்கள் உயர்ந்தவையே. அவற்றுக்குள்ளே அப்பிள்ளை நுழைவதற்கான வாயிலைத்தான் நான் காட்டவில்லை.

அமெரிக்காவின் ஒக்லஹோமா மாநிலத்து மாணவியான எஸ். ஈ. ஹின்டன், தன் வயதினரின் மெய்யான வாழ்வைக் கூறும் நாவல்களைக் காணாமையால், பதினைந்து வயதிலே தானே ஒன்றை எழுதத் தொடங்கினாள். ஏழை இளைஞர்க்கும் செல்வர் வீட்டு இளைஞர்க்கும் இடையிலான மோதலைச் சொல்லும் அந்நாவல் 1967இல் ‘தி அவுட்சைடர்ஸ்’ என்ற பெயரில் வெளிவந்தது. இளையோர் நாவல் என்று இன்று மேனாடுகளில் தனித் தட்டு நிரம்பியிருப்பதற்கு அந்நூல் ஒரு முக்கிய காரணம். பெரியவர்கள் கொடுக்க மறந்ததை ஓர் இளையவள் தானே ஆக்கிக்கொண்டாள் என்பதே இதில் நாம் கற்கவேண்டியது.

மறுநாள் நாவலைத் திருப்பிக் கொடுத்து, வகுப்பறிய மன்னிப்புக் கேட்டேன். பின்பு அலுமாரியை மீண்டும் ஆராய்ந்தேன். குறும்புக்காரப் பையன்களுக்கு மார்ட்டின் விக்கிரமசிங்கவின் ‘மடோல் தூவ’வின் தமிழாக்கத்தைக் கொடுத்தேன். 1947இல் சிங்களத்தில் வந்த அந்நூலின் உபாலியும் ஜின்னாவும் வீட்டைவிட்டு ஓடித் தீவொன்றிலே தம் உழைப்பால் வாழக் கற்பவர்கள். கடலோரப் பிள்ளைகளுக்கு அவர்களை அறிமுகப்படுத்தத் தேவையிருக்கவில்லை. அம்மாணவிக்கு, மாஸ்கோவிலிருந்து முன்பு மலிவு விலையில் வந்த தமிழ் நூல்களுள் ஒன்றான, சிங்கிஸ் ஐத்மாத்தவின் ‘முதல் ஆசிரியர்’ கதையைக் கொடுத்தேன்.

1962இல் வெளிவந்த கதை அது. புரட்சிக்குப் பிந்திய கிர்கீசியக் கிராமமொன்றிலே, தானே அரைகுறையாகக் கற்ற துய்ஷேன் என்னும் இளைஞன், பழைய குதிரைலாயத்தைத் திருத்திப் பள்ளி தொடங்குகிறான். குளிர்ந்த ஓடையைப் பிள்ளைகள் கடக்கத் தன் முதுகிலே சுமக்கிறான். அல்தினாய் என்னும் அநாதைச் சிறுமியை அவளின் உறவினர் ஒருவனுக்கு இரண்டாம் தாரமாக விற்றுவிட, அடிபட்டும் விடாது அவளை மீட்டு, நகரத்துக்குப் படிக்க அனுப்புகிறான்.

நான்கு நாளில் நூல் திரும்பிவந்தது. அதனோடு ஒரு கேள்வியும் வந்தது.

“அந்த வாத்தியார் பிள்ளையின்ரை வீட்டுக்குப் போனவர். நீங்கள் வருவீங்களோ, சேர்?”

சோதனை முடிந்ததும் அவளை ஆடைத் தொழிற்சாலைக்கு அனுப்ப வீட்டிலே முடிவாகியிருந்தது. நான் உடனே விடை கூறவில்லை. பிறர் குடும்ப விடயம், ஊரார் பேச்சு, அதிபரின் விருப்பமின்மை ஆகிய தடைகள் யாவும் மனத்திலே எழுந்தன. நூலைக் கொடுத்தபோது இவற்றுள் ஒன்றையும் நான் நினைக்கவில்லை. மூன்று நாள் கழித்து, ஆசிரியை ஒருவரையும் அழைத்துக்கொண்டு சென்றேன்.

அங்கே கதையில் வருவது போன்ற கொடியவர் எவருமில்லை. தாயார் தேநீர் தந்தார், பின்பு, “படிக்க வேண்டாமெண்டு நான் சொல்லேல்லை, சேர். எஞ்சின் கடனை ஆர் கட்டுறது?” என்றார். என்னிடம் விடை இருக்கவில்லை. எந்த நாவலிலும் அதற்கு ஆயத்தமான விடை இல்லை. ஆசிரியர் சிலர் கூடிப் புத்தகச் செலவையும் ரியூசன் செலவையும் ஏற்றோம். பலமுறை சென்று பேசினோம். அவள் உயர்தரம் வரை கற்றாள். பல்கலைக்கழகம் கிட்டவில்லை, கூட்டுறவுச் சங்கமொன்றிலே எழுதுநராக வேலை கிடைத்தது.

இதனை வெற்றியென்று எழுத என் பேனா கூசுகிறது. அதே வகுப்பிலிருந்து வேறு இரு மாணவிகள் அவ்வாண்டே தொழிற்சாலைக்குச் சென்றார்கள். அவர்கள் என்னிடம் நூல் வாங்கவுமில்லை, கேள்வி கேட்கவுமில்லை. அவர்களுடைய வீடுகளுக்கு நான் போகவுமில்லை.

நூலொன்றை இளையோர் கையிலே கொடுப்பவன் அந்நூலுக்குப் பிணை நிற்கிறான். அது எழுப்பும் கேள்விக்கு அவன் முகங்கொடுக்க வேண்டும். ஆகவே நண்பர்களே, வாசிக்காத நூலைப் பரிந்துரைக்காதீர்கள். வாசிக்காத நூலைப் பறிக்கவும் வேண்டாம். மாணவர் மேசையின் கீழே எதை மறைத்து வாசிக்கிறார்கள் என்பதை முதலில் நீங்கள் வாசியுங்கள். அவர்களின் பசி அதில் எழுதப்பட்டிருக்கும். கடனும் கூலியும் ஒரு நாவலால் ஒழிந்துவிடா. ஆனால் “நீங்கள் வருவீங்களோ” என்று கேட்கும் துணிவை ஒரு நாவல் கொடுக்கும். அந்தக் கேள்வி வரும்போது நாம் எங்கே நிற்கப்போகிறோம் என்பதை, நூலைக் கொடுப்பதற்கு முன்பே முடிவுசெய்துகொள்வோம்.