வாழ்த்தும் வணக்கமும்

நாட்டுப்பாடலில் கடவுளுக்கு இடம் உண்டா என்ற பேச்சு எழும்போதெல்லாம் நண்பர்கள் கடல்கடந்த எடுத்துக்காட்டுகளை அடுக்குவர். பிரிட்டன் தன் மன்னரைக் காக்கும்படி கடவுளை வேண்டுகிறது. சுவிட்சர்லாந்தின் பாடலுக்குப் பெயரே திருப்பாடல். ஸ்பெயின் பாடலுக்குச் சொற்களே இல்லை, எனவே வழக்கும் இல்லை. அவ்வளவு தொலைவு நாம் செல்ல வேண்டியதில்லை. நம் விழா மேடைகளில் முதலில் ஒலிக்கும் தமிழ்த்தாய் வாழ்த்திலேயே இக்கேள்விக்கு ஒரு விடை மறைந்திருக்கிறது.

திருவனந்தபுரத்தில் தத்துவப் பேராசிரியராக இருந்த பெ. சுந்தரம் பிள்ளை (1855–1897) தம் ‘மனோன்மணீயம்’ நாடகத்தை 1891இல் வெளியிட்டார். அதன் பாயிரத்தில் கடவுள் வணக்கம் தனியாகவும் தமிழ்த் தெய்வ வணக்கம் தனியாகவும் உள்ளன. இரண்டாவதன் ஒரு பகுதியே 1970இல், மெல்லிசை மன்னர் எம்.எஸ். விசுவநாதனின் மோகன ராக இசையமைப்பில் அரசு விழாக்களின் தொடக்கப் பாடலாயிற்று. அப்போது இடையிலிருந்த சில அடிகள் விடப்பட்டன. எத்தனை உலகங்களைத் தோற்றுவித்தாலும் ஒடுக்கினாலும் பரம்பொருள் தன் நிலையில் குறையாதிருப்பது போல, கன்னடம், தெலுங்கு, மலையாளம், துளு ஆகியவை தன்னிடமிருந்து பிறந்த பின்னும் தமிழ் குறையாதிருக்கிறது என்பது விடப்பட்ட பகுதியின் ஒரு கருத்து. வடமொழி மக்கள் பேச்சிலிருந்து மறைந்ததைச் சுட்டுவது மற்றொன்று. பிற மொழியாளர் மனம் வருந்தலாகாது என்பதே இந்த நீக்கத்துக்குப் பொதுவாகச் சொல்லப்படும் காரணம். பரம்பொருளை எவரும் குறிவைத்து நீக்கியதாகத் தோன்றவில்லை. உவமேயம் போனபின் உவமானம் மட்டும் எப்படி நிற்கும்? அதுவும் உடன் போயிற்று.

தமிழ் படித்தவர் இதைவிடக் கூர்ந்து நோக்க வேண்டியது பெயர் மாற்றத்தை. ‘தெய்வம்’ தாயாயிற்று, ‘வணக்கம்’ வாழ்த்தாயிற்று. வாழ்த்து, வணக்கம், வருபொருள் உரைத்தல் என மூன்றைக் காப்பியத் தொடக்கத்துக்கு உரியனவாகத் தண்டியலங்காரம் பிரித்துச் சொல்கிறது. வணங்குகிறவர் வணங்கப்படும் பொருளைத் தம்மினும் மேலானதாக ஏற்றாக வேண்டும். வாழ்த்துகிறவருக்கோ நல்லெண்ணம் போதும். பெரியாழ்வார் திருமாலையே பல்லாண்டு வாழ்த்தியவர் அல்லரோ? எனவே வாழ்த்து என்பது நம்புகிறவருக்கும் குறைவான சொல் ஆகாது, நம்பாதவருக்கும் தடையாகாது.

கடவுளைச் சொல்லாமல் தொடங்குவது தமிழுக்குப் புதிதும் அன்று. தொல்காப்பியத்தில் கடவுள் வாழ்த்து இல்லை. குறுந்தொகை, நற்றிணை, அகநானூறு முதலிய தொகை நூல்களுக்குப் பிற்காலத்தில் பாரதம் பாடிய பெருந்தேவனாரே கடவுள் வாழ்த்துச் சேர்த்தார். இளங்கோ திங்களையும் ஞாயிற்றையும் மழையையும் போற்றிச் சிலம்பைத் தொடங்கினார். வள்ளுவர் கடவுளை முதல் அதிகாரத்தில் வைத்தும் எந்தச் சமயத்தாரும் தமக்கே உரியதென்று உரிமை கோரும்படி ஒரு பெயரைச் சொல்லவில்லை.

‘அப்படிப் பெயர் சொல்லாத கடவுளாக இருந்தால் யாருக்கு என்ன தீங்கு?’ என்று கேட்கலாம். வலுவான கேள்விதான். இந்திய நாட்டுப்பண்ணே இந்தியாவின் விதியை வகுக்கும் ஒருவரை விளித்துத்தான் அமைந்திருக்கிறது. 1911இல் அது முதன்முதல் பாடப்பட்டபோது அவர் பிரிட்டிஷ் மன்னரோ என்ற ஐயம் எழுந்தது. 1937இல் தாகூர் தம் கடிதமொன்றில் அதை மறுத்து, ஊழிதோறும் மானிடரின் தேரைச் செலுத்தும் சாரதியையே தாம் பாடியதாக விளக்கினார். அந்தப் பெயரின்மையால் பாடுகிறவர் தம் மனத்துக்கு இசைந்த பொருளைக் கொள்ள முடிகிறது. ஆயினும், புதிதாக ஒரு பாடலைத் தேர்கிற அரசு பெயரற்ற கடவுளையும் சேர்க்காதிருப்பதே நன்று என்பது நம் கருத்து.

காரணம் எளிது. நூலின் கடவுள் வாழ்த்தை விரும்பாதவர் ஏட்டைப் புரட்டிவிட்டு மேலே செல்வார். அரசுப் பாடலில் ஏட்டைப் புரட்ட முடியாது. எழுந்து நிற்க வேண்டும். பதவியேற்போர் கடவுள் பெயரால் ஆணையிடலாம், அல்லது உளமார உறுதி கூறலாம் என்று அரசமைப்புச் சட்டம் இரு வழி வைத்திருக்கிறது. உறுதிமொழி தனியொருவருடையது, இரு வழி வைக்கலாம். பலர் சேர்ந்து பாடும் பாட்டுக்கு ஒரு வழிதான். 1949 அக்டோபர் 17 அன்று, அரசமைப்பின் முகவுரையைக் கடவுள் பெயரால் தொடங்க வேண்டுமென்று எச்.வி. காமத் திருத்தம் கொண்டுவந்தார். நம்பிக்கையில் வற்புறுத்தல் ஆகாதா என்று கேட்டவர் பட்டம் தாணு பிள்ளை. சுந்தரம் பிள்ளையின் அதே திருவனந்தபுரத்தார். திருத்தம் 41க்கு 68 என்ற வாக்கில் தோற்றது.

நம் உத்திரமேரூர்க் கல்வெட்டையும் இங்கே நினைக்க வேண்டும். 919, 921 ஆகிய ஆண்டுகளில் முதலாம் பராந்தகன் காலத்தில் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் பொறித்த குடவோலை விதிகளை மக்களாட்சியின் முன்னோடி என்று பெருமையோடு சொல்கிறோம். அந்த விதிகளில் வயது, வீடு, வரி செலுத்தும் நிலம் ஆகியவற்றோடு வேத அறிவும் ஒரு தகுதி. அது பிரமதேய ஊரின் சபை; அக்காலத்தின் வழக்கம். குற்றம் கூறுவது நம் நோக்கமன்று. ஆனால் பொதுச்செயலின் வாசலில் சமயத் தகுதி நின்றால் யார் வெளியே நிற்பர் என்பதை அச்சுவர் இன்றும் காட்டுகிறது. உழுதவரும் நெய்தவரும் அக்குடத்தில் தம் பெயரைக் கண்டதில்லை.

கடவுள் நீங்கிய பாடலிலும் சிக்கல் தீர்ந்துவிடவில்லை. 2018 சனவரியில் சென்னையில் நடந்த நூல் வெளியீட்டு விழாவில் தமிழ்த்தாய் வாழ்த்தின்போது காஞ்சி விஜயேந்திரர் அமர்ந்திருந்தது சர்ச்சையாயிற்று. கடவுள் வாழ்த்தின்போது தியானத்தில் அமர்வது அவர் வழக்கம் என்று மடம் விளக்கியது. அவருக்கு அது வணக்கமாகவே இருந்தது போலும்! 2021 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், அது வழிபாட்டுப் பாடலே, எழுந்து நிற்கச் சட்டக் கட்டாயம் இல்லை என்றது. அதே மாதம் அரசு அதை மாநிலப் பாடலாக அறிவித்து, மாற்றுத்திறனாளிகள் தவிர அனைவரும் நிற்க வேண்டுமென ஆணையிட்டது.

நம் மாணவி ஒருத்தி அப்பாடலுக்கு நேராக நிற்பாள். வாய் திறக்க மாட்டாள். தாய் என்றாலும் மொழியைப் போற்றிப் பாடுவது தன் சமயத்துக்கு ஒவ்வாது என்றாள். விளக்கக் கடிதம் வாங்க வேண்டுமென்று சக ஆசிரியர் ஒருவர் துடித்தார். வேண்டாம் என்றோம். நாட்டுப்பண்ணைப் பாடாமல் மரியாதையாக நின்ற கேரளப் பிள்ளைகள் மூவரைப் பள்ளி நீக்கியது தவறென்று 1986இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. அம்மாணவி யாப்பிலக்கணத்தில் வகுப்பில் முதலிடம். தமிழுக்கு அதைவிட என்ன வாழ்த்து வேண்டும்?

பரம்பொருளை எடுத்த இடத்தில் மொழியை மறுக்கவொண்ணாத தெய்வமாக அமர்த்தினால், எடுத்ததன் பயன் என்ன? ‘வாழ்த்து’ என்ற பெயரை அதன் பொருளோடு காப்போம். விடுபட்ட உவமையை எண்ணி வருந்துவோர்க்கு மனோன்மணீயம் முழுமையாகவே கிடைக்கிறது. மேடையில் இல்லாத அவ்வடிகளை வகுப்பறையில் நாம் ஆண்டுதோறும் நடத்திக்கொண்டுதான் இருக்கிறோம்.