யான் மோட்டார் சைக்கிள் விற்ற கதை

மலர்க்குழுவினர் என்னிடம் கட்டுரையொன்று கேட்டபொழுது, தமிழாசிரியனாதலின் இலக்கியம் பற்றியே எழுதுவேன் என எதிர்பார்த்திருப்பர். கல்லூரியின் தாபகர்களைப் பற்றியும் அதிபர்களைப் பற்றியும் எழுதுதற்கு என்னினும் தகுதியுடையோர் பலர் உளர். யானோ ஒரு மோட்டார் சைக்கிளை விற்ற கதையை எழுதப் புகுகின்றேன். அன்பர்கள் நகைத்தல் வேண்டா. கோப்பாய் ஆசிரிய கலாசாலையிற் பயிற்சி முடித்து வந்த நாள் தொட்டுப் பிறர்க்குப் படிப்பித்து வந்த பாடமொன்றை, நாற்பது வயதுக்கு மேல் யானே படிக்க நேர்ந்தது அவ்விற்பனையினாலேதான்.

இயந்திரத்தை மாற்றியமைத்தல் எம்மூருக்குப் புதிதன்று. 1990 இன் பின்னர், பொருளாதாரத் தடையினாற் பெற்றோல் யாழ்ப்பாணத்துக்கு அரிதாகிய காலத்தில், என் தந்தையாரின் சிறிய ஹொண்டா மண்ணெண்ணெயிலே ஓடியது. சிறு போத்தலிற் பாதுகாத்து வைத்த பெற்றோலிற் சில துளிகளைக் காபரேற்றரில் விட்டு உதைப்பார். இயந்திரம் சூடேறிய பின் மண்ணெண்ணெயில் ஓடத் தொடங்கும். புகையும் நாற்றமும் வீதியை நிறைக்கும். 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் இடம்பெயர்ந்த இரவில், பாட்டியாரைத் தென்மராட்சிக்குக் கொண்டு சேர்த்ததும் அவ்வண்டியே. சில வாரங்களின் பின்னர், அரிசிக்கும் பாட்டியாரின் மருந்துக்குமாக அதனைக் கொடிகாமத்தில் விற்றார். வாங்கியவர் எம் நிலையை நன்கறிவார். அவர் சொன்னதே விலையாயிற்று. அன்று தந்தையார் கூறியது இன்றும் என் செவியில் உளது. “விலை பொருளிலை இல்லைத் தம்பி, ஆருக்கு அவசரமோ அவரிலைதான் இருக்குது.”

இனி என் கதைக்கு வருவேன். என் தமக்கையாரின் மகன் எம் கல்லூரியின் பழைய மாணவன். அவன் 2017 இல், பிறரொருவர் பாவித்த யமஹா ஆர் 15 மோட்டார் சைக்கிள் ஒன்றினை ரூபா 310,000 கொடுத்து வாங்கினான். 2008 இல் இந்தியாவில் வெளிவந்த முதல் வகையைச் சேர்ந்தது அது. நீராற் குளிர்விக்கப்படும் ஒற்றை உருளை இயந்திரம், ஆறு கியர், உருளையின் விட்டம் 57 மில்லிமீற்றர், கொள்ளளவு ஏறக்குறைய 150 கன சென்ரிமீற்றர். பந்தய வண்டியின் சாயலைச் சிறிய இயந்திரத்தோடு சேர்த்து அளித்தமையின், இளைஞர் அதன்மேற் பெருவிருப்புக் கொண்டனர்.

மருமகன் அதனை உள்ளபடி விட்டானல்லன். முதலிற் சைலன்சரைக் கழற்றிக் குறுங்குழாய் பூட்டினான். பின்னர், காற்றை வடிக்கும் பெட்டியை நீக்கித் திறந்த வடியொன்றை வைத்தான். பின் ரயர் 100 மில்லிமீற்றர் அகலமுடையது. 2011 இல் வந்த இரண்டாவது வகையில் அது 130 ஆகியது. இவன் அதனையும் விஞ்ச எண்ணி 140 பூட்டினான். சட்டகத்தின் வாற்பகுதியை வெட்டிக் குறுக்கிச் சிறிய இருக்கை அமைத்தான். ஈற்றில், உருளையையே மாற்றி, நூலோர் முசலம் என்னும் பிஸ்ரனை 62 மில்லிமீற்றர் ஆக்கினான். எம் கல்லூரிக் கணித ஆசிரியர் கணக்கிட்டு, கொள்ளளவு இப்பொழுது 177 கன சென்ரிமீற்றர் என்றார். பதிவுச் சான்றிதழோ பழைய அளவையே கூறிற்று.

2022 இன் நெருக்கடி யாவரும் அறிந்ததே. அவ்வாண்டு யூலையில் எரிபொருள் அட்டை வந்தபொழுது மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றரே கிடைத்தது. மருமகன் மறுவருடத் தொடக்கத்திற் படிப்பின் பொருட்டு இலண்டனுக்குப் பயணமானான். புறப்படுமுன் வண்டியின் திறப்பையும் ஒரு கொப்பியையும் என் கையில் வைத்து, “மாமா, ஏழு இலட்சத்துக்குக் குறையக் குடுக்காதேங்கோ, அங்கை அறை வாடகைக்கு அந்தக் காசைத்தான் நம்பியிருக்கிறன்” என்றான். கொப்பியில் ஒவ்வொரு செலவும் திகதியிட்டு எழுதப்பட்டிருந்தது. மாற்றங்களுக்கு மட்டும் ரூபா 286,000. வாங்கிய விலையோடு சேர்த்து ரூபா 596,000. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 தொடக்கத்திலேதான் தளர்த்தப்பட்டது. ஆதலின் 2023 இற் பாவித்த வண்டிகளின் விலை மிக உயர்ந்திருந்தது. அவ்வுயர்வையும் கூட்டி ஏழு இலட்சம் என்றான்.

எம்மூரில் நீண்டகால அனுபவமுள்ள மெக்கானிக் ஒருவரிடம் வண்டியைக் கொண்டு சென்றேன். கொப்பியை வாசித்து முடித்துச் சிரித்தார். “மாத்தினவர் செலவைக் கூட்டுவார், மாஸ்ரர், வாங்கிறவர் பயத்தைக் கழிப்பார்” என்றார். விலை மதிக்கும் முறையை அவர் எனக்குப் படிப்பித்தார். செய்யப்பட்ட வேலைகளை மூன்று குவியலாக்க வேண்டும். புதிய செயின், பிறேக், பற்றறி முதலியன முதற் குவியல்; இவை இட்ட பணத்தில் ஒரு பங்கையேனும் திருப்பித் தரும். நிறம், விளக்கு, குறுங்குழாய் என்பன இரண்டாவது. இவை ஒருவனது விருப்பமேயன்றி வண்டியின் பெறுமதியல்ல. இவற்றை விரும்புவோனும் தன் விருப்பப்படி தானே செய்துகொள்வான். வெட்டிய சட்டகம், இடையில் ஒட்டிய மின்கம்பி, மாற்றிய உருளை என்பன மூன்றாவது. இவை விலையைக் குறைப்பன.

அதற்கும் காரணம் கூறினார். உருளை மாற்றப்பட்டதை அறியாத வேறொரு மெக்கானிக், வண்டியின் பெயரைச் சொல்லிப் பிஸ்ரன் வளையம் வாங்கினால் 57 மில்லிமீற்றர் வளையமே வரும்; அது பொருந்தாது. ஒடுங்கிய றிம்மில் அகன்ற ரயரைப் பூட்டினால், அதன் ஓரங்கள் உள்ளிழுக்கப்பட்டு முகம் கூடுதலாக வளையும். வண்டி திரும்பும் இயல்பு கெடும். காற்றுப் பெட்டியின்றி எம் செம்மண் வீதிகளில் ஓடினால், நுண்டூசி இயந்திரத்துட் புகுந்து உருளையை அராவும். “உள்ளபடி இருந்தால் ஐந்தே கால் இலட்சம் போகும். இப்ப இருக்கிற கோலத்திலை நாலரைக்கு மேலை சொல்லமாட்டன்” என்றார். பின்னர், “கழற்றின சாமான் இருக்குதோ?” என வினவினார்.

இருந்தன. தமக்கையார் எதனையும் எறியாதவர். மாட்டுக் கொட்டிலின் பரணில், சாக்கொன்றினுட் பழைய சைலன்சரும், காற்றுப் பெட்டியும், நீண்ட இருக்கையும், றிம்மோடு கூடிய பின் ரயரும், வெட்டிய இரும்புத் துண்டும் கிடந்தன. கொப்பியில் எழுதப்பட்ட எதனினும் அச்சாக்கே பெறுமதியுடையதென அன்று அறிந்தேன். மூன்று மாலைகளில் மெக்கானிக் யாவற்றையும் மீளப் பூட்டினார். வெட்டிய துண்டைச் சட்டகத்தில் ஒட்டி, அதன்மேல் நீண்ட இருக்கையை வைத்தார். மாற்ற இயலாது நின்றது உருளை ஒன்றே. வேலை முடிந்ததும், “ஒட்டு ஒருவர் ஓடத் தாங்கும். பின்னுக்கு ஆளேத்தி ஓட எண்டால் நான் பொறுப்புச் சொல்லமாட்டன்” என்றார். பக்கத் தகடுகளைப் பூட்டியதும் ஒட்டு மறைந்தது. கழற்றிய அலங்காரங்களை இளைஞர் சிலர் தனித்தனியே வாங்கிச் சென்றனர். அவற்றால் ரூபா 48,000 கிடைத்தது.

விற்பனைக்கு உளதென்ற செய்தி பரவியதும் பலர் வந்தனர். இயந்திரத்தை உறுமச் செய்து கேட்டுவிட்டுப் போவதற்கே வந்தவர் சிலர். தரகர் ஒருவர், கையெழுத்திட்ட வெற்றுப் படிவத்தைத் தந்தால் அன்றே பணம் தருவதாகக் கூறினார். அவ்வாறு கொடுப்போர் வண்டியை விற்ற பின்னும் பதிவிலே சொந்தக்காரராகவே இருப்பர். வண்டி எங்கே யாரை மோதினும் பொலிசார் தேடிவருவது அவர் வீட்டுக்கே. அதனால் அவரை அனுப்பிவிட்டேன்.

ஒரு மாலை, என்னிடம் சாதாரணதர வகுப்பிற் தமிழ் படித்த இளைஞன் ஒருவன் தாயாரோடு வந்தான். கடையொன்றிற் கணக்கெழுதுகிறான். சீட்டுக் காசும், தாயாரின் சங்கிலியை அடகு வைத்த காசும் கையில் உண்டு. வண்டியை மும்முறை சுற்றி வந்தான். உருளை மாற்றப்பட்டதைச் சொன்னேன், கொப்பியையும் காட்டினேன். அவன் அதனைச் சரியாகப் பாராமலே, “நீங்கள் சொன்னால் சரி, சேர்” என்றான். ஐந்து இலட்சம் என முடிவாயிற்று. ரூபா 50,000 முற்பணமாகத் தந்தான். போகும்பொழுது, “இனி அம்மாவை மாதாமாதம் கிளினிக்குக்கு இதிலையே கூட்டிக்கொண்டு போகலாம்” என்றான்.

யான் வாய் திறந்திலேன்.

இதனை எழுதுதற்கு என் கை கூசுகின்றது. ஆயினும் எழுதாவிடின் இக்கட்டுரைக்குப் பொருளில்லை. ஒட்டு என் நினைவில் இருந்தது. மெக்கானிக்கின் சொல்லும் இருந்தது. மருமகனின் அறை வாடகையும் கூடவே இருந்தது. ‘உருளையைச் சொன்னோமே, அது போதும்’ என ஒரு மனம் கூறிற்று. ‘பார்த்துத்தானே வாங்குகிறான்’ என்றும் கூறிற்று. ஆனால் அவன் பார்த்தது வண்டியையன்று, என்னையே பார்த்தான். மாற்றியமைத்த பொருளில் என்ன செய்யப்பட்டதென்பதை விற்பவன் ஒருவனே அறிவான். கொடிகாமத்தில் என் தந்தையாரின் அவசரத்தை அறிந்து ஒருவர் விலை சொன்னார். இங்கே இவனது அறியாமையை அறிந்து யான் விலை சொன்னேன். இரண்டிற்கும் வேற்றுமை யாதென அன்றிரவு எண்ணியெண்ணிப் பார்த்தும் காணேன்.

விடியுமுன் துவிச்சக்கர வண்டியில் அவன் வீட்டுக்குச் சென்றேன். தாயார் முற்றம் கூட்டிக்கொண்டு நின்றார். இருவரையும் வைத்துக்கொண்டு, ஒட்டைப் பற்றியும் மெக்கானிக் கூறியதைப் பற்றியும் சொல்லி, முற்பணத்தையும் நீட்டினேன். இளைஞன் சிறிது நேரம் பேசவில்லை. பின்னர், “நேற்றே தெரியுமோ, சேர்?” என்றான். “தெரியும்” என்றேன். தாயார் தும்புத்தடியைச் சுவரிற் சாத்திவிட்டு, “வந்து சொன்னது நல்லது, சேர். நேற்றே சொல்லியிருக்கலாம். இருங்கோ, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகலாம்” என்றார். பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாக மாணாக்கரின் விடைத்தாள்களிற் பிழை திருத்திய எனக்கு அன்று விழுந்த சிவப்புக் கோடு அது.

அவன் வண்டியை வேண்டாமென்று சொல்லவில்லை. அன்று மாலை மூவரும் மெக்கானிக்கிடம் சென்றோம். தகடுகளைக் கழற்றி, ஒட்டிய இடத்தைத் திறந்து, உட்குழாய் செலுத்தி வலுப்படுத்தலாம் என்றார் அவர். அதற்கும் உருளையினால் வரக்கூடிய செலவுக்குமாக ரூபா 65,000 கழித்து, ரூபா 435,000 க்கு வண்டி கைமாறியது. உரிமை மாற்றப் படிவத்தை வெற்றிடமின்றி நிரப்பித் திகதியிட்டுக் கையெழுத்திட்டோம்.

மருமகன் தொலைபேசியிற் கொதித்தான். “நீங்கள் ஏன் மாமா வீடு தேடிப் போனனீங்கள்? அவன் பார்த்துத்தானே வாங்கினவன்?” என்றான். அவன் பசியோடிருந்த காலம் அது, கோபித்தது குற்றமன்று. கழிந்த ரூபா 65,000 ஐயும் மாதம் 13,000 ஆக ஐந்து மாதங்களில் யானே தருவதாகச் சொன்னேன். இரண்டு மாதங்கள் வாங்கினான். மூன்றாம் மாதம் தானே அழைத்து, “காணும், மாமா” என்றான். சற்றுப் பொறுத்து, “வண்டி இப்ப எப்பிடி ஓடுது?” என்று கேட்டான்.

நன்றாக ஓடுகின்றது. காலையிற் கல்லூரி மணி அடிக்குமுன் சில நாட்களில் அதனை வாயிலிற் காண்பேன். பழைய சைலன்சராதலின் ஓசை குறைவு. மாதத்தில் ஒரு நாள் பின்னிருக்கையிற் தாயார் ஒருபுறமாக அமர்ந்து செல்வார். அவர்களைக் காணும்பொழுது, என்னையறியாமலே இருக்கையின் கீழ் அவ்வொட்டு உள்ள இடத்தையே என் கண் நாடும்.

திருக்குறளில் நடுவுநிலைமை அதிகாரத்தின் இறுதிக் குறள் வணிகரைப் பற்றியது. அவ்விளைஞனின் வகுப்புக்கு அதனைப் பரிமேலழகர் உரையோடு படிப்பித்தவன் யானே. இன்றும் அதனைப் படிப்பிக்கின்றேன். ஆனால் இப்பொழுது உரை கூறி முடித்த பின்னர், மோட்டார் சைக்கிள் விற்ற கதையையும் மாணாக்கர்க்குச் சொல்கின்றேன். ஓர் இரவு தாமதித்ததையும் மறையாது சொல்கின்றேன். கல்லூரியன்னை எமக்குத் தந்த கல்விக்கு யான் செலுத்தக்கூடிய சிறு காணிக்கை அதுவேயாம்.