அஞ்சரை மணி போன்

ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகியும், ஆவடியில் அந்த வீட்டில் காலை ஐந்தரை மணிக்கு போன் அடிப்பது நிற்கவில்லை.

"அண்ணே, தூக்கத்தைக் கெடுத்துட்டேனா? மூணாவது தெரு வால்வு எங்கண்ணே இருக்கு? ரோடு போட்டப்ப மேல தாரை ஊத்தி மூடிட்டாங்க போல."

அவர் கண்ணைத் திறக்காமலே பதில் சொல்வார். "பால் பூத்துக்கு எதிர்ல ஒரு மஞ்ச வீடு இருக்குதுல்ல, அந்த கேட்டுலேர்ந்து நேரா நாலு எட்டு வா. அப்புறம் ட்ரான்ஸ்ஃபார்மரைப் பார்த்து ரெண்டு எட்டு. அங்க கடப்பாரையால தட்டிப் பாரு, சத்தம் மாறும்."

பத்து நிமிடத்தில் மறுபடியும் போன் வரும். "மாறிச்சுண்ணே! கிடைச்சிடுச்சு!"

"சம்பளம்தான் நின்னு போச்சு, வேலை நிக்கல" என்று சொல்லிக்கொண்டே அவருடைய மனைவி காபியை நீட்டுவார். அது குறை போலத் தெரியும். ஆனால், அதே விஷயத்தை அவர் பக்கத்து வீட்டில் சொல்லும்போது கேட்டவர்களுக்குத்தான் தெரியும், அதில் எவ்வளவு பெருமை என்று.

முப்பது வருடத்துக்கு மேல் குடிநீர்ப் பிரிவில் வேலை பார்த்தவர் அவர். சேர்ந்த புதிதில் சைக்கிள் கேரியரில் ஆளுயர வால்வு சாவியைக் கட்டிக்கொண்டு, எந்தத் தெருவுக்கு எத்தனை மணிக்குத் தண்ணீர் என்று திறந்துவிட்டுக்கொண்டே போவார். ஊர் அவர் கண் முன்னால்தான் வளர்ந்தது. 1955-ல் காங்கிரஸ் மாநாடு நடந்த ஊர், 1961-ல் டாங்கித் தொழிற்சாலை வந்த ஊர் என்று வெளியூர்க்காரர்கள் ஆவடியைச் சொல்வார்கள். அவருக்கோ அது வயல் மனையாகி, மனை தெருவாகி, தெருவுக்குள் புதுக் குழாய் வந்த கதை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலேயே மூன்றரை லட்சத்தை நெருங்கிய ஊர், 2019-ல் மாநகராட்சியானது. 48 வார்டுகள், சுமார் 65 சதுர கிலோமீட்டர். இதில் ஒரு பெரிய பகுதியின் பூமிக்கடியில் என்ன ஓடுகிறது என்பது அவர் தலைக்குள் இருந்தது.

காகிதத்தில் இல்லையா என்று கேட்கலாம். இருக்கும். எந்த ஊரிலும் சுருட்டி வைத்த வரைபடங்கள் இருக்கும். ஆனால், அவற்றில் பல, குழாய் எங்கே போக வேண்டும் என்று முதலில் நினைத்ததைக் காட்டுபவை. வேலை நடக்கும்போது நடுவில் ஒரு பாறை வரும், ஒரு பெரிய மரத்தின் வேர் வரும், யாரோ ஒருவர் வீட்டு வாசற்படி வரும். குழாய் வளைந்து போகும். அந்த வளைவு அன்றைக்குக் குழிக்குள் நின்றவர்களுக்கு மட்டும்தான் தெரியும். அவர்கள் ஒவ்வொருவராக ஓய்வு பெறும்போது வளைவும் அவர்களோடு வீட்டுக்குப் போய்விடும்.

ஒரு மழைக்காலத்தில், இரண்டு மூன்று தெருக்களில் குழாய்த் தண்ணீர் நாற்றம் அடிக்கிறது என்று புகார் வந்தது. வழக்கம்போல ஐந்தரை மணிக்கு போன்.

"அண்ணே, அந்தப் பழைய இரும்பு லைன் கால்வாயைத் தாண்டுற இடத்துல, கால்வாய்க்கு மேல போகுதா, உள்ள போகுதா?"

அவர் வாயைத் திறந்தார். வார்த்தை வரவில்லை. ஒரு டீக்கடை ஞாபகம் வந்தது. அதன் பக்கத்தில் ஒரு வேப்பமரம். ஆனால், அந்த மரம் 2016 டிசம்பரில் வர்தா புயலில் விழுந்துவிட்டது. டீக்கடையும் இப்போது இல்லை. அடையாளங்கள் போனபோது இடமும் சேர்ந்து போயிருக்கிறது என்பது அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

"நான் வந்து பார்க்கறேன்ப்பா" என்றார். போய் நின்றும் பிடிபடவில்லை. மூன்று இடத்தில் தோண்டினார்கள். மூன்றாவது குழியில் குழாய் தென்பட்டபோது மாலை ஆகியிருந்தது. அதற்குள் அந்தத் தெருவில் ஒரு சிறுவனை வாந்தி பேதியோடு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். இரண்டு நாளில் அவன் தேறி வீட்டுக்கு வந்துவிட்டான். ஆனால், அன்றிரவு அவர் சாப்பிடவில்லை. "எனக்கு மறந்து போச்சு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் படுத்துவிட்டார்.

சில மாதங்கள் கழித்து மஞ்சள் சட்டை போட்ட ஓர் இளம்பெண் அந்தத் தெருவுக்குள் வந்தார். கையில் ஓர் உயரமான கம்பு, அதன் உச்சியில் குடைக்காளான் போல ஒரு கருவி, தோளில் ஒரு டேப்லட். "வரி ஏத்தத்தான் அளக்கறாங்களா?" என்று கேட்டபடியே தெருவில் பாதிப் பேர் கேட்டைச் சாத்திக்கொண்டார்கள். அந்தப் பெண் நேராக இவர் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"ஐயா, பூமிக்கு அடியில இருக்கற குழாயை எல்லாம் கம்ப்யூட்டர் வரைபடத்துல ஏத்தப் போறோம். யாரைக் கேட்டாலும் உங்களைத்தான் கேட்கச் சொல்றாங்க."

"முட்டி வலிம்மா. இன்னொரு நாள் பார்க்கலாம்."

அந்தப் பெண் போன பிறகு மனைவி கேட்டார், "காலையில ரெண்டு மைல் நடந்துட்டு வந்தீங்க. முட்டி வலி எப்ப வந்துச்சு?"

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார். "எல்லாத்தையும் சொல்லிட்டா, அப்புறம் நம்மளை யாரு தேடுவாங்க?"

"அந்தப் பையன் ஆஸ்பத்திரியில கிடந்த அன்னிக்கும் உங்களைத்தானே தேடினாங்க. என்ன பண்ண முடிஞ்சுது?"

மறுநாள் காலை ஆறு மணிக்கு அவரே அந்தப் பெண்ணுக்கு போன் செய்தார்.

அதன் பிறகு பல நாட்கள் இருவரும் தெருத்தெருவாக நடந்தார்கள். அவர் இடத்தைக் காட்டுவார். அந்தப் பெண் கம்பை நிமிர்த்தி வைத்துக் கொஞ்ச நேரம் அசையாமல் நிற்பார். செல்போனில் இருக்கும் ஜி.பி.எஸ். சில மீட்டர் முன்னே பின்னே காட்டும், ஆட்டோ பிடிக்க அது போதும், வால்வைத் தேட அது போதாது என்று விளக்கினார். இந்தக் கருவி செயற்கைக்கோள்களின் கணக்கை இன்னொரு நிலையத்தின் கணக்கோடு சரிபார்த்து, சென்டிமீட்டர் அளவுக்கு இடத்தைச் சொல்லிவிடும்.

"இது ஒண்ணும் புதுசு இல்லைங்கய்யா. நம்ம பரங்கிமலை பக்கத்துலதான் 1802-ல லாம்டன்னு ஒரு வெள்ளைக்காரர் சங்கிலி போட்டு அளக்க ஆரம்பிச்சாரு. மொத்த இந்தியாவையும் அளந்த வேலைக்கு அதுதான் அஸ்திவாரம். அவங்க தூக்கிட்டுப் போன கருவி அரை டன்னாம்."

"அப்ப உன் கம்பு எவ்வளவோ தேவலை" என்றார் அவர். முதல்முறையாகச் சிரித்தார்.

ஒவ்வோர் இடத்திலும் அந்தப் பெண் கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தார். எந்த வருடம் போட்டது? இரும்பா, பி.வி.சி.யா? எத்தனை அங்குலம்? எவ்வளவு ஆழம்? கடைசியாக எப்போது பழுது பார்த்தது? இதுதான் ஜி.ஐ.எஸ். என்கிற புவியியல் தகவல் அமைப்பின் அடிப்படை. வால்வு ஒரு புள்ளி. குழாய் ஒரு கோடு. வீட்டு மனை ஒரு பரப்பு. ஒவ்வொன்றின் பின்னாலும் அதன் ஜாதகம் இருக்கும். தொட்டால் விரியும். 1960-களில் கனடாவில் ரோஜர் டாம்லின்சன் என்ற புவியியலாளர், அந்த நாட்டின் நில வளத்தைக் கணக்கெடுக்கத் தொடங்கி வைத்த முறை இது.

வேலை முடிகிற நாளில் ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து அந்தப் பெண் டேப்லட்டைத் திறந்தார். முதலில் தெருக்கள் வந்தன. அதன்மேல் நீல நிறத்தில் குடிநீர்க் குழாய்கள். "உங்க தலை இதுதான் ஐயா" என்றார். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். பிறகு பழுப்பு நிறத்தில் மழைநீர் வடிகால்கள். கடைசியாக, தண்ணீர் நாற்றம் என்று வந்த புகார்கள் சிவப்புப் புள்ளிகளாக.

புள்ளிகள் மூன்று தெருக்களில் சிதறிக் கிடந்தன. ஆனால், அவற்றில் பெரும்பாலானவை ஒரே ஒரு பழைய நீலக் கோட்டின் மேல் வரிசையாக உட்கார்ந்திருந்தன. அந்தக் கோடு ஓர் இடத்தில் பழுப்புக் கோட்டுக்கு உள்ளேயே சிறிது தூரம் போனது. குழாயில் தண்ணீர் ஓடும்போது அழுத்தம் இருக்கும், கசிவு இருந்தாலும் வெளியேதான் போகும். திறந்துவிடாத நேரத்தில் அழுத்தம் போய்விடும். அப்போது அதே ஓட்டை வழியாக வெளி அழுக்கு உள்ளே வரும்.

"இது தனித்தனியா எனக்குத் தெரியும்மா. இந்த லைன் தெரியும், அந்தக் கால்வாய் தெரியும். ஒண்ணா பார்த்ததே இல்லை" என்றார்.

"லண்டன்ல 1854-ல காலரா வந்துச்சு ஐயா. ஜான் ஸ்னோன்னு ஒரு டாக்டர் செத்தவங்க வீட்டை எல்லாம் தேடிப் போய் விசாரிச்சாரு. பெரும்பாலானவங்க ஒரே கைப்பம்புல தண்ணி பிடிச்சவங்க. அந்த பம்போட கைப்பிடியைக் கழற்றச் சொல்லிட்டாரு. அப்புறம் ஒவ்வொரு சாவையும் வரைபடத்துல குறிச்சப்ப, பெரும்பாலான கோடு அந்த பம்பைச் சுத்தியே நின்னுச்சு."

அவர் வெகுநேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தச் சிறுவனின் வீடும் அதில் ஒரு சிவப்புப் புள்ளி.

அடுத்த சில வாரங்களில் அந்தக் குழாயை வடிகாலுக்கு வெளியே மாற்றிப் போட்டார்கள். இந்த முறை ஒரே இடத்தில்தான் தோண்டினார்கள்.

குழாயோடு நின்றுவிடும் விஷயம் இல்லை இது. எந்தத் தெருவிளக்கு எரியவில்லை, குப்பை வண்டி எந்தச் சந்துக்குள் போகவில்லை, எந்தத் தெரு தாழ்வு என்பதெல்லாம் ஒரே வரைபடத்தின் மேல் அடுக்கடுக்காக வரக்கூடியவை. 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது, எந்தச் சாலையில் தண்ணீர் நிற்கிறது என்று சென்னை மக்களே இணைய வரைபடத்தில் குறித்துக் காட்டினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது ஆவடி, பட்டாபிராம், திருமுல்லைவாயல் பக்கத்தில் வாசலில் தண்ணீர் நின்ற வீடுகளுக்குத் தெரியும், பக்கத்துத் தெரு எவ்வளவு உயரம் என்ற ஒரு தகவலின் மதிப்பு.

மனை வாங்குபவர்களுக்கும் இதில் பாடம் உண்டு. தமிழக அரசின் 'எங்கிருந்தும் எந்நேரமும்' இணையச் சேவையில் பட்டாவோடு புல வரைபடத்தையும் 'அ' பதிவேட்டையும் பார்க்க முடிகிறது. பக்கத்தில் கால்வாய், ஏரி என்று பதிவு இருக்கிறதா என்று முன்பணம் கொடுக்கும் முன்பே பார்த்துவிடலாம். இவருடைய மகளும் மருமகனும் மனை தேடியபோது, "பத்திரத்தைக் காட்டாதீங்க, முதல்ல படத்தைக் காட்டுங்க" என்றுதான் கேட்டார்.

கேட்டைச் சாத்திக்கொண்டவர்களின் பயத்திலும் உண்மை இல்லாமல் இல்லை. வானத்திலிருந்து பார்த்தால் கணக்கில் வராத மாடியும் தெரியும். வரி ஏறலாம். ஆனால், ஒருவர் கட்டாமல் விட்டதன் சுமை, ஒழுங்காகக் கட்டுகிற அடுத்த வீட்டின் மேல்தானே விழுகிறது? "நம்ம வீட்டு மாடியையும் சேர்த்தே குறிச்சுக்கோம்மா" என்று இவர் சொன்னபோது மனைவி முறைத்தார்.

இப்போது போன் வருவது குறைந்துவிட்டது. வேலையில் இருக்கும் பையன்கள் செல்போனைத் திறந்து, புள்ளியைப் பார்த்து, நேராகப் போய் நிற்கிறார்கள். முதல் சில வாரங்கள் அவருக்கு வெறிச்சென்றுதான் இருந்தது. ஐந்தரைக்கு விழிப்பு வந்துவிடும், போன் சும்மா கிடக்கும்.

அண்மையில் ஒரு நாள், நடைப்பயிற்சி போனவர் ஒரு தெருமுனையில் நின்றுவிட்டார். சிறுபாலம் கட்டும் வேலைக்காக அங்கிருந்த வால்வைத் தள்ளி வைத்திருந்தார்கள். குனிந்து பார்த்தார். எட்டு வைத்து அளந்தார். பிறகு போனை எடுத்தார்.

"தம்பி, தூக்கத்தைக் கெடுத்துட்டேனா? இங்க வால்வை மூணு அடி நகர்த்தியிருக்காங்க. மேப்புல மாத்தியாச்சா?"

"இல்லண்ணே... அது இன்னும்..."

"இன்னிக்கே மாத்திடு. நாளைக்கு நான் இருப்பேனோ, எனக்கு ஞாபகம் இருக்குமோ, தெரியாது. அதுல இருக்கணும்."

மணி அப்போது சரியாக ஐந்தரை.