கோழிக்கிறுக்கல்

எதிர்வீட்டுப் பையனுக்கு ஆறு நாளாகக் காய்ச்சல். "வைடால் நெகட்டிவ் சார், டைபாய்டு இல்லை" என்று அவன் அப்பா நிம்மதியாகச் சொன்னார். எனக்கு நிம்மதி வரவில்லை. 1996-இல் என்னிடம் ஏழாம் வகுப்பு படித்த ஒருவன் நினைவுக்கு வந்துவிட்டான்.

முத்து முத்தாக எழுதுகிற பையன். காய்ச்சல் என்று பத்து நாள் வராமல் இருந்துவிட்டு ஒரு வியாழக்கிழமை வந்தான். நோட்டைத் திறந்தால் கோழிக்கிறுக்கல். ஏனென்று கேட்டால் பதில் இல்லை, என் முகத்தையே பார்க்கிறான். திமிர் என்று நினைத்து ஒரு பீரியட் முழுக்க நிற்க வைத்தேன். அந்தப் பக்கத்தில் சிவப்பு மையால் 'கவனம் இல்லை' என்றும் எழுதினேன்.

மறுநாள் காலை அவன் அப்பா பள்ளிக்கூடத்துக்கே ஓடி வந்தார். "சார், தானாப் பேசுறான். போர்வையைப் பிச்சுப் பிச்சு எடுக்குறான். பெத்தவளையே தெரியல." பாட்டி ஜன்னி என்றாளாம். அக்கம்பக்கத்தில் பேய் என்றார்கள். பூசாரி திருநீறும் போட்டாயிற்று. பாட்டி சொன்னதுதான் சரி.

ஆஸ்பத்திரியில் குழந்தை டாக்டர் முதலில் கேட்டது, காய்ச்சல் என்றைக்கு ஆரம்பித்தது என்று. "நாத்து நட்ட அன்னிக்கு" என்றார் அம்மா. மாதத் தேர்வு தொடங்கிய திங்கள்கிழமை என்று நான் சொன்னேன். அன்றோடு 12 நாள். டைபாய்டில் மூளை மயங்குவது பெரும்பாலும் இரண்டாவது, மூன்றாவது வாரத்தில்தான் என்றார் அவர். டைபாய்டு என்ற பெயரே புகை என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்ததாம். புத்தியைப் புகை மூடுவது போல.

ஆனால் மூளைக்காய்ச்சலும் மலேரியாவும் இல்லை என்று உறுதி செய்யாமல் அந்த முடிவுக்கு வர முடியாது. முதுகில் நீர் எடுக்க வேண்டும் என்றதும் வீட்டார் மறுத்துவிட்டார்கள். கால் விளங்காமல் போய்விடும் என்ற பயம். உள்ளூர எனக்கும் பயம்தான். ஆனாலும் நான்தான் பேசிச் சம்மதிக்க வைத்தேன். நீர் தெளிவாக வந்தது, அதில் கிருமி இல்லை. மலேரியாவும் இல்லை. வைடால் அன்றைக்கும் நெகட்டிவ். நான்காம் நாள் ரத்தக் கல்ச்சரில் டைபாய்டு கிருமி வளர்ந்தது. அதுவும் அதிர்ஷ்டம்தான். முன்பே ஆன்டிபயாட்டிக் மாத்திரைகளை அரைகுறையாகத் தின்றிருந்தால் ரத்தத்தில் கிருமி சிக்காமலே போகலாம், அப்போது எலும்பு மஜ்ஜையில் தேட வேண்டியிருக்கும் என்றார்.

கல்ச்சருக்குக் காத்திராமல் அன்றே ஆன்டிபயாட்டிக் ஊசியோடு டெக்ஸாமெதசோனும் போட்டார். இப்படி நினைவு தப்பிய டைபாய்டு நோயாளிகளின் சாவை அது வெகுவாகக் குறைத்ததை 1984-இல் ஜகார்த்தாவில் செய்த ஆய்வு காட்டியது என்று விளக்கினார்.

காய்ச்சல் விட்ட பிறகும் ஒன்பது நாள் பையன் பேசவில்லை. சொன்னதெல்லாம் புரிந்தது, வாய்தான் திறக்கவில்லை. பத்தாம் நாள் தண்ணீர் கேட்டான். எழுத்து திரும்ப இரண்டு மாதம் ஆயிற்று. சிவப்பு மையில் நான் எழுதிய அந்தப் பக்கத்தை அவனைக் கேட்டு நானே கிழித்தேன்.

எதிர்வீட்டுக்காரர் இன்று காலை கல்ச்சருக்கு ரத்தம் கொடுக்கப் பையனைக் கூட்டிப் போயிருக்கிறார். காய்ச்சல் தொடங்கிய தேதியையும் கொடுத்த மாத்திரைகளையும் ரிப்போர்ட் கவர் மேலேயே எழுதிக் கொடுத்தனுப்பினேன்.