காலர்

மஞ்சக்குப்பம் மைதானத்தருகே நடைபாதைக் கடையில் தம்பி வாங்கிய டீ-ஷர்ட்டில் முதலை இருந்தது. போலிதான், அவன் காலரைத் தூக்கிவிட்டு நடந்த நடை போலியில்லை. ஒருநாள் நானும் அதைப் போட்டுக்கொண்டேன். "பொம்பளப் புள்ளையா லட்சணமா இரு" என்றாள் அம்மா. கழற்றிவிட்டேன்.

அந்த முதலை, டென்னிஸ் வீரர் ரெனே லக்கோஸ்த் 1933இல் சந்தைக்குக் கொண்டுவந்தது. 1934 முதல் 1936 வரை விம்பிள்டனை வென்ற ஃபிரெட் பெர்ரி, 1952இல் இலைவளையம் பொறித்த சட்டையைக் கொண்டுவந்தார். பஞ்சாலைத் தொழிலாளியாக இருந்தவரின் மகன் அவர். மேட்டுக்குடி ஆட்டத்தில் அவருக்கும் அந்தக் காலர் ஒரு நிமிர்வுதான்.

சென்ற ஆண்டு வகுப்பில் 'பெருமிதம்' என்ற மெய்ப்பாட்டை விளக்க, "காலரைத் தூக்கிவிட்டுக்கொள்வோமே, அதுதான்" என்றேன். திருப்பூர் பனியன் கம்பெனியில் இரண்டு வருடம் பிசிர் வெட்டிவிட்டுப் படிக்க வந்த மாணவி எழுந்தாள்.

"ஆயிரக்கணக்குல காலருக்குப் பிசிர் வெட்டியிருக்கேன் மேடம். நாங்க எதைத் தூக்கிவிட்டுக்கறது?"

வகுப்பு சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. உரையாசிரியர் யாரிடமும் அதற்குப் பதிலில்லை. நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, அன்று கழற்றிக்கொடுத்த சட்டையைப் பற்றி அவர்களிடம் சொன்னேன்.