ஆண்டிஸ் மலை தந்த கிழங்கு

கம்பம் பள்ளத்தாக்கில் வாழும் எங்களுக்கு நெல்லும் திராட்சையும் உண்டு, உருளைக்கிழங்கு கைகூடுவதில்லை. செடி தழைக்கும், இரவு வெப்பம் 20 டிகிரிக்குக் கீழே இறங்காவிடில் கிழங்கு சரிவரத் திரளாது. ஆகவே கொடைக்கானல் மலையிலுள்ள உறவினர் வீட்டுத் தோட்டமே எங்கள் உருளைத் தோட்டமாகும். அங்கே முளைவிட்ட சந்தைக் கிழங்கை விதைக்கென எடுத்தால் நாங்கள் தடுப்பதுண்டு.

காரணம் இதுவே. இக்கிழங்கு பிறந்த தென் அமெரிக்க ஆண்டிஸ் மலையிலிருந்தே அதன் பகையான முட்டைக்கூடு நூற்புழுவும் பரவிற்று. 1961-இல் நீலகிரியிலும், பின்னர் கொடைக்கானலிலும் அது கண்டறியப்பட்டது. கிழங்கில் ஒட்டிய மண்ணோடு வரும் அதன் நுண்ணிய கூடுகள் பல்லாண்டுகள் உயிரோடு காத்திருக்கும். வேர் தாக்குண்ட செடி குன்றும்; விளைச்சல் வீழும்.

மாற்றும் அம்மலையிலிருந்தே வந்தது. ஆண்டிஸ் காட்டு உருளையின் எதிர்ப்பாற்றலைக் கொண்ட 'குஃப்ரி சுவர்ணா' 1985-இல் வெளியிடப்பட்டது.

ஆதலின் மலைவாழ் குடும்பத்தாரே, சான்று பெற்ற விதையையே நாடுங்கள். உருளை எடுத்த பாத்தியில் மூன்று, நான்கு ஆண்டுகள் பூண்டு, பீன்ஸ், முட்டைக்கோசு என மாற்றிப் பயிரிடுங்கள். தக்காளியும் கத்தரியும் வேண்டா, அவையும் அப்புழுவுக்கு இரையே. மண்வெட்டியைக் கழுவிய பின்னரே பிறருக்குக் கொடுங்கள். நம் மண்ணோடு அயலாரின் மண்ணையும் காப்பது நம் கடமையன்றோ!